கூட ஒரு ஆள்

செங்கிப்பட்டி தாண்டியதும் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் அல்லா பிச்சை வண்டியை ஓரங்கட்டுவார். எந்தப் புளியமரம் என்பது வலியைப் பொறுத்தது. இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்துவார். முழங்கால்கள் இரண்டும் வயிற்றில் அழுந்தியிருக்கும். நெற்றியை மட்கார்டில் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் டயரைத் தட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தத் தட்டல் கேட்க வேண்டும். சிறிது நேரம் கழித்து எழுந்து வந்து, “காத்து கொஞ்சம் கம்மி மாதிரி தெரிஞ்சுது” என்பார். முகமெல்லாம் வேர்த்திருக்கும். பின்சீட்டில் சார்ஜாவுக்குப் போகிற பையனும் அவனை வழியனுப்ப வந்த பெண்களும் தங்கள் அழுகையில் இருப்பார்கள். டிரைவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

முத்துப்பேட்டைக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நடுவே ஓடுவதுதான் அவர் பிழைப்பு. ஊரில் அவரை அம்பாசிடர் பாய் என்பார்கள். வயது நாற்பத்திரண்டு. ஆனால் சட்டைக்குள் ஒரு பதினாறு வயதுப் பையன் இருப்பது போல உடம்பு. முன்சீட்டு நீளமான பெஞ்சு. அதில் ஒரு சின்னத் தலையணை வைத்திருப்பார். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே அது எப்போதும் இருக்கும். கேட்டால், “நம்ம ரோடு அப்படி, குலுக்கல் தாங்கல” என்பார்.

போகும்போது வண்டி நிறைய ஆள். திரும்பும்போது பல நாள் காலி. திருச்சியில் வேலை பார்க்கும் நான் சனிக்கிழமை மதியம் அந்தக் காலி வண்டியில் ஊருக்கு வருவது என் அம்மா அமலோற்பவத்தின் ஏற்பாடு. “அல்லா பிச்சை வண்டின்னா எனக்குப் பயமில்ல” என்பாள். வழியில் நான் அதிகம் பேசுவதில்லை. அவரும் முதல் இரண்டு மாதம் பேசவில்லை. புளியமரத்தடியில் டயர் தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்காமல் போக, நான் இறங்கிப் பார்த்த நாளுக்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

“ஈரலுக்குப் பக்கத்துல கணையம்னு ஒரு சாமான் இருக்கு பாப்பா. பத்தொம்பது வயசு வரைக்கும் எனக்கும் தெரியாது. எல்லாருக்கும் அது பேசாம கெடக்கு. எனக்கு மட்டும் நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு.”

எக்ஸ்ரே படம் ஒன்று சீட்டுக்கு அடியில் இருந்தது. எடுத்து முன்கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்தார். வல்லம் சாலையின் வெயில் அதன் வழியே வந்தது. முதுகெலும்புக்குக் குறுக்கே நொய்யரிசியை இறைத்துவிட்ட மாதிரி வெள்ளைப் பொட்டுகள். எல்லாம் கல். “ஆயில் லைன்ல கல்லு அடைச்சுக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல” என்று படத்தை மறுபடி சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

எண்ணெய், கறி, நெய் எதுவும் அவருக்கு ஆகாது. ஒரு துண்டு கறி தின்றால் அன்று ராத்திரி முதுகு வரைக்கும் யாரோ துளை போடுவார்கள். வழியனுப்பப் போகும் குடும்பங்கள் தஞ்சாவூரில் நிறுத்தி, “டிரைவருக்கும் ஒரு பிரியாணி” என்று கட்டிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. வாங்கி வைத்துக்கொண்டு, பிளாஸ்கில் இருக்கும் கஞ்சியை வண்டிக்குப் பின்னால் நின்று குடிப்பார். பொட்டலம் சாயங்காலம் கார் ஸ்டாண்டில் தங்கையன் என்ற ஒருவனுக்குப் போய்ச் சேரும்.

நோன்பு மாதம் வந்தால்தான் அவர் முகத்தில் களை வரும். பகலெல்லாம் வயிறு சும்மா இருப்பதால் வலி அடங்கிவிடும். பள்ளிவாசல் கஞ்சியில் ஒரு கோப்பை, இரண்டு பேரீச்சம்பழம், அவ்வளவுதான். “எனக்குப் பதினோரு மாசம் நோய், ஒரு மாசம் நோன்பு” என்பார். பெருநாள் அன்று ஊரே பிரியாணி வாசனையில் இருக்கும்போது அவர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். உறவுக்காரர்கள் யார் வீட்டுக்காவது சாப்பிடப் போயிருப்பார் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொள்ளும்.

தங்கையன் ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவனிடம் சாவி கொடுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் குடி அவ்வளவு பகிரங்கம். அல்லா பிச்சை டயர் பக்கத்தில் குந்துவதை அவனும் பார்த்திருக்கிறான். “என்ன பாய், டயருக்கு சலாம் சொல்லியாச்சா? அது பதில் சலாம் சொல்லிச்சா?” என்பான். ஸ்டாண்டே சிரிக்கும். அல்லா பிச்சையும் சிரிப்பார், பிரியாணிப் பொட்டலத்தை நீட்டியபடி.

நோயை ஏன் மறைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். தஞ்சாவூர் கடந்து வடவாற்றுப் பாலம் வந்த பிறகு சொன்னார்.

இருபத்தாறு வயதில் நாகூரில் ஒரு பெண் பேசி நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தாய்மாமா ஊருக்கு வந்திருந்த அன்று, விருந்துக்குப் பிறகு, இவர் சுருண்டு விழுந்தார். மாமாவே தூக்கிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “தண்ணிப் பழக்கம் எத்தனை வருஷமா?” இல்லவே இல்லை என்று இவர் சொன்னார். டாக்டர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாகூரிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை.

“கேள்விய டாக்டர் கேட்டாரு. பதில மாமாவே எழுதி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இந்த நோயி குடிக்கிறவனுக்கு வர்றதாம் பாப்பா. குடிக்காதவனுக்கும் வருமாம், நம்ம பக்கம் நெறைய பேருக்கு இருக்காம். அதை யாரு கேக்குறா?”

பிறகு கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. வாப்பாவும் உம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு தம்பிகளையும் இதே வண்டியில்தான் விமானம் ஏற்றிவிட்டார். விடுப்பில் வரும்போது அவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி மனைவிமார் வீட்டில் இறங்குவார்கள். அண்ணன் வீட்டில் ஒரு வேளை தேநீர் குடிப்பார்கள்.

போன தை மாதம் அவர் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தார். அங்கேயும் அதே கேள்விதான். “மூணு தடவ கேட்டாரு பாப்பா. மூணாவது தடவ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தூக்கத்துல எழுந்து போயிக் குடிச்சிருப்பனோன்னு.” ஆனால் அந்த டாக்டர் நிதானமான மனிதர். கணையத்தை நீளவாக்கில் திறந்து கல்லை எடுத்துவிட்டுக் குடலோடு சேர்த்துத் தைத்துவிடலாம், வலி பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். சர்க்கரை ஏற ஆரம்பித்துவிட்டது, அது எதனாலும் போகாது. செய்யாமல் விட்டால்? சிலருக்குப் பல வருஷத்தில் கணையம் முழுக்கக் கெட்டுப்போய் வலி தானாக நின்றுவிடுவதும் உண்டு என்றார் டாக்டர்.

“வெந்து கருகிப் போனா வலிக்க ஆளு இருக்காதுல்ல, அந்தக் கணக்கு” என்றார் அல்லா பிச்சை.

சரி என்று சொல்லிவிடும் நிலையில்தான் இருந்தாராம். அப்போது ஒரு நர்ஸ் வந்து, “கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்டாள்.

“வண்டி வந்திருக்கும்மா” என்றார் இவர்.

அவள் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட, ரத்தத்துக்கு அலைய, மருந்து வாங்கி வர, தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும், ஆள் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றாள். இவர் எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

எங்கள் ஊரில் ஆள் என்றால் யார்? மீசை அரும்பினால் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறார்கள். தெருவில் நடப்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பெண்கள், தடி ஊன்றிய கிழவர்கள். நடுவில் உள்ளவர்களை எல்லாம் கொண்டுபோய் விட்டவர் இவர்தான்.

குவைத்தில் இருக்கும் தம்பி ஜாஃபர் சாதிக்குக்கு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினார். தம்பி பதறித்தான் போனான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: “காக்கா, ஆஸ்பத்திரின்னா எதுக்கு ஏதுன்னு ஊரு கேக்கும். எம்மவ ஹஃப்ஸாவுக்கு இப்பதான் மாப்புள பேசிக்கிட்டிருக்கோம். அவ பெரிய வாப்பாவுக்கு அந்த மாதிரி வியாதின்னு ஒரு வார்த்த போச்சுன்னா... அவ காரியம் முடியட்டும். அப்புறம் நானே லீவு போட்டு வர்றேன்.”

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“அவன் சொல்றது நெசந்தான பாப்பா. நாகூர்ல நான் பாத்துட்டேன்ல.” கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அப்படியே தள்ளிக்கொண்டு போயிருப்பார். பங்குனி கடைசியில் ஒரு சனிக்கிழமை, வடுவூர் ஏரியைத் தாண்டிய வளைவில், அவர் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. வண்டி சாலையை விட்டு இறங்கியது. எப்படியோ பிரேக்கை மிதித்துவிட்டார். இடது முன்சக்கரம் வாய்க்கால் கரையின் விளிம்பில் நின்றது. அறுவடை முடிந்த வயலில் மேய்ந்த வாத்துகள் ஒரே சத்தமாக ஒதுங்கி, மறுபடி மேய ஆரம்பித்தன. நான் பின்சீட்டில் கம்பியைப் பிடித்தபடி இருந்தேன். அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் சுருண்டு கிடந்தார். இந்த முறை டயரைத் தட்டவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தவர், “காலையில இதே வண்டியில கைப்புள்ளையோட ஒரு குடும்பம் வந்துச்சு” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, வெள்ளைச் சட்டையோடு தெருவில் இறங்கினார். ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டார், ஆனால் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்போமோ இல்லையோ என்ற பயம் அவருக்கு. நீண்ட தூரம் போகிறவர்கள் வீடு வீடாகச் சென்று, தெரிந்தோ தெரியாமலோ செய்த குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் யாரும் அப்படி நடந்து போய்க் கேட்டதில்லை.

முதல் வீடு மெஹராஜ் பேகத்துடையது. ஐம்பத்தைந்து வயது. அக்காள் முறை சொல்லி ராத்தா என்று கூப்பிடுவார். அந்த அம்மாவின் மகன் ஃபாஜில் சார்ஜாவில் இருக்கிறான். வாசல் திரைக்கு இப்பால் நின்று இவர், “ராத்தா, நான் ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்கங்க. துஆ செய்யுங்க” என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் துள்ளியது. “அல்ஹம்துலில்லாஹ்! உனக்கும் விசா வந்துடுச்சா பிச்சை? எத்தன பேரக் கொண்டுபோயி விட்ட! உன்னயும் அல்லா பாத்துட்டான்! எந்த நாடு?”

“நான் வாயத் தொறந்தேன் பாப்பா” என்றார் என்னிடம். “அவுக சந்தோசத்தப் பாத்ததும் மூடிக்கிட்டேன். என்னயப் பத்தி ஒருத்தர் அப்படிச் சந்தோசப்பட்டு ரொம்ப நாளாச்சு.”

அவர் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. மறுநாளிலிருந்து பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. இறால் ஊறுகாய், மாசிக் கருவாட்டுத் தூள், கைலி, பேரக்குழந்தையின் குரல் பதிந்த கேசட். எல்லாவற்றின் மேலும் பிள்ளைகளின் பெயர். சார்ஜாவா துபாயா என்று இவர் சொல்லவே இல்லை. அதெல்லாம் பக்கம் பக்கம்தானே, அங்கே போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அடுத்த வாரச் சனிக்கிழமை நான் வண்டியில் ஏறியபோது பின்சீட்டில் எனக்குப் பாதி இடம்தான் இருந்தது.

“டிக்கி ரொம்பிப் போச்சு” என்றார். “வீட்டுல வச்சா எலி. ஒரு வாரமா இதுகளோடதான் ஓட்டுறேன்.”

“சொல்லிடுங்க பாய்” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு முன்பு போன வழியே மறுபடி போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, விசா இல்லை, வயிற்றில் ஆபரேஷன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சில வீடுகளில் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட வேகத்திலேயே தெரிந்துவிட்டதாம். மெஹராஜ் பேகத்தின் வாசலில், அவர் கேட்பதற்கு முன்பே, “ஒரு சொட்டுத் தொட்டது கெடையாது ராத்தா, கணையத்துல கல்லு, அது தானா வர்றது” என்று படபடவென்று சொல்லிவிட்டார்.

திரை அசையவில்லை. “அத யாரு கேட்டா? கூட யாரு வர்றா?” என்றது குரல்.

இவர் ஊறுகாய்ப் பொட்டலத்தை வாசற்படியில் வைத்தார்.

“எம்புள்ள இங்க இருந்தா அனுப்பியிருப்பேன். யாரு புள்ள இருக்கு இந்தத் தெருவுல?” திரைக்கடியில் ஒரு கை நீண்டு பொட்டலத்தை இவர் பக்கம் தள்ளியது. “ஊறுகாய நீயே வச்சுக்க தம்பி.”

“எண்ணெ ஆகாது ராத்தா.”

“அதுவும் ஆகாதா?” என்றாராம் அவர். திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதாக அல்லா பிச்சை சொன்னார்.

திங்கட்கிழமை ஊர் முழுக்கப் பேச்சு. வயிறு என்று தொடங்கி, எங்கே போய் முடிய வேண்டுமோ அங்கே முடிந்தது. தம்பி பூத்துக்குப் போன் போட்டு வரச்சொல்லி, “காக்கா, இப்படிப் பண்ணிட்டியே” என்றான். இவர், “பண்ணிட்டேன்” என்றார். அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் யாரும் டயரைப் பற்றிக் கேலி பேசவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்ததாம்.

தங்கையன்தான் வந்து பானெட்டில் சாய்ந்து நின்றான்.

“குடிச்சது நானு. கல்லு உங்க வயித்துலயா? அட்ரஸ் மாறிப்போச்சே பாய்.”

அல்லா பிச்சைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும். பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எத்தன நாளு அங்க?” என்றான் தங்கையன்.

“எப்படியும் பதினஞ்சு நாளாவது ஆகும்ங்குறாங்க.”

“நான் வர்றேன். படுக்க எடம் குடுக்காட்டி வண்டியிலயே படுத்துக்குறேன்.”

“நீயா? சாயங்காலமானா நீ எங்க இருப்ப?”

“அங்க போயி தொடமாட்டேன் பாய்.” கொஞ்சம் யோசித்தான். “தொட்டா வெரட்டி விட்டுடுங்க. ரத்தம் வேணும்னா எங்கிட்ட எடுக்க வேணாம், அதுல என்னென்ன இருக்கோ. கையெழுத்து நல்லாப் போடுவேன்.”

பிறகு அவனே குரலை இறக்கிச் சொன்னான்: “ஞாயித்துக்கெழம ஸ்டாண்டுல வந்து ஏத்தாதீங்க. நான் கோரையாத்துப் பாலத்துக்கிட்ட நிக்கிறேன். ஏற்கெனவே ஒரு மாதிரிப் பேசுறாய்ங்க. எங்கூட ஆஸ்பத்திரிக்குப் போறதயும் பாத்தா அதான் உறுதின்னுடுவாய்ங்க. உங்க வீட்டுல வேற பொண்ணுக்கு மாப்புள பாக்குறீங்க.”

இதை எனக்குச் சொன்னது போன சனிக்கிழமை. எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். “இருபது வருசமா அவனுக்குப் பிரியாணி குடுத்திருக்கேன். ஒரு நாளு கூட உட்காந்து பேசுனதில்ல” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊரில் எல்லாரும் இருக்கும் இடம் மீன் மார்க்கெட்தான். எதிரே டீக்கடை, பக்கத்தில் கார் ஸ்டாண்ட். நானும் அம்மாவும் கொடுவா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஜமாஅத்துப் பெரியவர்கள் டீக்கடை பெஞ்சில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையன் சலவை செய்த சட்டையோடு, ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பாலத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

அந்தச் சாம்பல் நிற அம்பாசிடர் மார்க்கெட் வளைவில் திரும்பி, மெதுவாக வந்து, அவனைத் தாண்டாமல் டீக்கடைக்கு நேர் எதிரே நின்றது. ஹாரன் அடித்தது. ஒரு தடவை அல்ல, நீளமாக. பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மீன்காரம்மாள் தராசைக் கீழே வைத்தாள்.

“பாய், பாலத்துக்கிட்டன்னு சொன்னேன்ல!” என்று தங்கையன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது.

அல்லா பிச்சை எஞ்சினை ஓடவிட்டபடியே, டிரைவர் பக்கத்துக் கதவை முழுவதுமாகத் திறந்தார். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்ந்து, ஸ்டியரிங்கை அவனுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தார்.